உண்டியலிடம் கேட்காத கணக்கு

சாமிக்குக் கொடுக்கும்போது நான் கணக்குக் கேட்பதில்லை. மனுஷனுக்குக் கொடுப்பதென்றால் மட்டும் கேட்பேன். இதற்குப் பகுத்தறிவு என்று பேர் வேறு வைத்திருந்தேன்.

உண்டியலில் ஐநூறு ரூபாய்த் தாளை மடித்துப் போடுகிற கை, கோயில் வாசலில் உட்கார்ந்திருப்பவரைக் கண்டதும் தயங்கும். காசு கொடுத்தால் குடிப்பானோ? பின்னால் ஏதாவது கும்பல் இருக்குமோ? உழைக்கிற வயசுதானே? கேள்விகளில் தப்பில்லை, சிலது நியாயமானவையும்கூட. ஆனால் ஒன்றுக்காவது விடை தேடி நான் மெனக்கெட்டதில்லை. யோசித்து முடிப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்திருப்பேன். யோசனையே அதற்குத்தான்.

பக்தி உணர்ச்சி சம்பந்தப்பட்டது, கருணைக்குத்தான் அறிவு வேண்டும் என்று நண்பர்களிடம் நீட்டி முழக்கியிருக்கிறேன். அந்தத் தெம்பில்தான் வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கத்தைக் கையில் எடுத்தேன். உருகி உருகி எழுதியிருப்பார் என்று நினைத்தால், மனுஷர் ஒவ்வொரு ஆட்சேபமாக எடுத்து வாதாடுகிறார். பசி ஒருவனின் முன்வினைப் பயன் என்றால் அதில் நாம் தலையிடலாமா என்ற கேள்வியையும் விடவில்லை. கொடிய குற்றம் செய்தவனைச் சிறையில் போட்ட அரசனே அவனுக்குச் சோறு போடச் சொல்கிறானே என்கிறார். எல்லா உயிரும் ஒரே கடவுள் படைத்த உறவு. உறவு துன்பப்படுவதைப் பார்த்தால் உருக்கம் தானாக வரும் என்பது அவர் கட்சி. அறிவு முன்னே போகிறது, உருக்கம் பின்னாலேயே வருகிறது. என்னிடம் அறிவு முன்னே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது.

1867 மே 23 அன்று வடலூரில் அவர் தொடங்கிய தருமசாலையின் அடுப்பு இன்னும் அணையவில்லை. பசித்தவனிடம் சாதி, சமயம், நடத்தை எதையும் விசாரிக்கக் கூடாது என்பதுதான் அவர் வைத்த விதி. அங்கே நானும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். சட்டைப் பையில் பணம் இருந்தது. உனக்கு எதற்கு இலவசச் சோறு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபம் வந்திருக்கும்.

திருந்திவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். இப்போது கொடுக்கிறேன். கொடுத்த பிறகு, டீக்கடைப் பக்கம் போகிறாரா டாஸ்மாக் பக்கம் போகிறாரா என்று திரும்பிப் பார்க்கிறேன்.