அம்மாச்சியோட லிஸ்ட்

ஃப்ரெண்ட்ஸ், ஒரு சின்ன கணக்கு. உங்க மொபைல்ல எத்தனை பேரோட நம்பர் இருக்கும்? முந்நூறு? ஐந்நூறு? சரி, அதுல எத்தனை பேரை ஒரு நாள்கூட தவறாம நினைச்சுப் பார்க்கிறீங்க? கைவிரலைத் தாண்டாதுல்ல?

எங்க அம்மாச்சி தினமும் 53 பேரை நினைச்சாங்க. பேர் பேரா! மொபைல் இல்லை, டைரி இல்லை. அவங்களுக்கு எழுதப் படிக்கவே தெரியாது. கையில இருந்தது ஒரு செபமாலை மட்டும்தான்.

1929-ல மணப்பாட்டுல பிறந்தவங்க. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணல் குன்று மேல திருச்சிலுவைக் கோயில் நிக்குமே, அந்தக் கடற்கரை ஊர்தான். 1542-ல இந்தக் கரைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், மணி அடிச்சுப் பிள்ளைகளைக் கூட்டி, மந்திரங்களைத் தமிழ்லயே மனப்பாடம் பண்ண வச்சார். தமிழ் எழுத்துல அச்சான 'தம்பிரான் வணக்கம்' வந்ததே 1578-லதான். அதாவது, புத்தகத்துக்கு முன்னாடியே மனப்பாடம் வந்தாச்சு. அம்மாச்சி அந்த பேட்ச்!

92 வருஷ வாழ்க்கையில எட்டு போப்பாண்டவரைப் பார்த்துட்டாங்க. சின்ன வயசுல பூசை லத்தீன்ல. ஒரு வார்த்தை புரியாது. 1962-65 வத்திக்கான் சங்கத்துக்கு அப்புறம் பூசை தமிழுக்கு மாறுச்சு. "அதுவரைக்கும் புரியாமலா கும்பிட்டீங்க?"னு கேட்டா, "எனக்குப் புரியாட்டி என்ன எய்யா, கேக்கவருக்குப் புரியும்லா"ம்பாங்க. 2002-ல செபமாலையில ஐந்து புது மறையுண்மைகளைச் சேர்த்தாங்க. நம்ம பாஷையில சொன்னா, 73 வயசுல சிலபஸ் மாறிடுச்சு! பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டே பாஸ் பண்ணிட்டாங்க.

சரி, லிஸ்ட்டுக்கு வருவோம். செபமாலையில முதல்ல மூணு மணி, அப்புறம் அஞ்சு பத்து. மொத்தம் 53. முதல் மூணும் பெத்த பிள்ளைகளுக்கு. முதல் பத்து கடலுக்குப் போனவங்களுக்கு. ரெண்டாவது, படுக்கையில கிடக்கிறவங்களுக்கு. மூணாவது, துபாய், மும்பைன்னு பிழைக்கப் போனவங்களுக்கு. நாலாவது, பரீட்சை எழுதறவங்களுக்கும் கல்யாணம் தள்ளிப்போறவங்களுக்கும். (என் பேரும் அங்கதான்!) அஞ்சாவது பத்து, இறந்தவங்களுக்கு. ஒருத்தருக்கு உடம்பு சரியாயிட்டா அந்த மணி காலி. உடனே வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்து அடுத்த ஆள் ஏறுவார்.

ப்ளஸ் டூ லீவுல ஒருநாள் பக்கத்துல உட்கார்ந்து கேட்டப்ப, அஞ்சாவது பத்துல எனக்குத் தெரியாத ஒரு பேர் வந்துச்சு. அம்மாகிட்ட விசாரிச்சேன். கடனுக்காக தாத்தாவோட வள்ளத்தைப் பிடுங்கிக்கிட்ட வியாபாரியாம். அதுக்கப்புறம் தாத்தா அடுத்தவர் வள்ளத்துல கூலிக்குப் போனார். அம்மாச்சி ஓலைப்பெட்டி முடைஞ்சுதான் மூணு பிள்ளைகளை வளர்த்தாங்க.

எனக்கு சுர்ருனு ஏறிடுச்சு. "அந்தாளுக்கு எதுக்கு ஒரு மணி?"ன்னேன்.

"கோவம் தீரலையே எய்யா. தீருற வரைக்கும் சொல்லணும்லா?"

"இன்னுமா தீரல?"

"பத்து நாள் தீந்தாப்புல இருக்கும். பதினோராம் நாள் ஓலை கீறி விரல்ல ரத்தம் வந்தா, திரும்ப வந்துரும்."

உயிரோட இருந்தவரைக்கும் அந்த வியாபாரி ரெண்டாவது பத்துல இருந்தாராம். செத்த செய்தி வந்த அன்னிக்கு ராத்திரியே அஞ்சாவதுக்கு மாத்திட்டாங்களாம். பாஸ், மன்னிப்பு ஒரே நாள்ல, பின்னணி இசையோட நடந்து முடியிறதை நாம சினிமாவுலதான் பார்த்திருக்கோம். அம்மாச்சி அதை நாப்பது வருஷம் தவணை முறையில கட்டுனாங்க.

2021 மே மாசம், கொரோனா ரெண்டாவது அலை நேரத்துல அம்மாச்சி போயிட்டாங்க. ஊரே திரண்டிருக்க வேண்டிய அடக்கத்துக்கு விரல்விட்டு எண்ணுற அளவுக்குத்தான் ஆள். அன்னிக்கு சாயங்காலம் வீட்டுல செபமாலை. பேர்கள் யாருக்கும் முழுசா தெரியலை. ஆளுக்குக் கொஞ்சமா ஞாபகப்படுத்தி ஒட்டவச்சாங்க. அஞ்சாவது பத்துல பத்துப் பேரும் இருக்காங்க. அம்மாச்சிக்கு இடம் இல்லை!

"அந்த வியாபாரியைத் தூக்கிரலாமே"ன்னார் மாமா. யாரும் பதில் பேசலை. கொஞ்ச நேரம் கழிச்சு எழுபது வயசுப் பெரியம்மா சொன்னாங்க: "அவர் இருக்கட்டும். முதல் மூணுல என் மணி இருக்கே, அதை அம்மாவுக்குக் குடுத்துருங்க."

இப்பவும் எங்க வீட்டுல அப்படித்தான் நடக்குது. முதல் மணி அம்மாச்சிக்கு.

நீங்க மாதாவைக் கும்பிடறவங்களா இருக்கலாம். அல்லாவை, முருகனை, இல்லை யாரையுமே கும்பிடாதவங்களாவும் இருக்கலாம். அடுத்த லீவுக்கு ஊருக்குப் போறப்ப உங்க பாட்டிகிட்ட ஒண்ணு கேளுங்க: "தினமும் யார் யாருக்காக வேண்டிக்கிறீங்க?" பேர் பேரா கேட்டு எழுதி வைங்க. உங்க பேர் கண்டிப்பா இருக்கும். கூடவே, நீங்க எதிர்பார்க்காத ஒரு பேரும் இருக்கும். அது யாருன்னு மட்டும் மறக்காம விசாரிச்சுடுங்க.