தானா பேருவின் ஓடாவிகள்

இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், மகாசர் நகரிலிருந்து தென்கிழக்கே காரில் சுமார் ஐந்து மணி நேரம் போனால் தானா பேரு வருகிறது. புலுகும்பா மாவட்டத்துக் கடற்கரை ஊர். இங்கே கப்பல் கட்டும் இடம் என்று தனியாகச் சுற்றுச்சுவர் எழுப்பி வைக்கவில்லை. சாலையோரம் வீடுகள், வீடுகளுக்குப் பின்னால் தென்னைகள், அதற்கும் அப்பால் மணலில் மாடி வீட்டு உயரத்துக்கு நிற்கும் பாதி முடிந்த மரக்கப்பல்கள். நான் போன காலையில் ரம்பத்தின் இரைச்சலும் சுத்தியல் சத்தமும் சேர்ந்தே கேட்டன. சாரத்தில் நின்றவர்கள் வெறுங்காலோடு வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

பினிசி என்று உலகம் அறிந்த கப்பல் இது. இரண்டு பாய்மரம், ஏழு பாய். கட்டுகிறவர்கள் கொஞ்சோ மக்கள். ஆரா, லெமோ லெமோ, பிரா என்று பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள். தலைமை ஓடாவிக்கு, அதாவது தலைமைக் கப்பல் தச்சருக்கு, இங்கே பன்ரித்தா லோப்பி என்று பெயர். 2017-இல் யுனெஸ்கோ இந்தத் தொழிற்கலையை மானுடத்தின் அருவக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது.

வேலையின் வரிசைதான் முதலில் கண்ணில் படுகிறது. ஐரோப்பியத் தச்சர்கள் பொதுவாக விலாச் சட்டங்களை நிறுத்திவிட்டு அதன்மேல் பலகை அடிப்பார்கள். இங்கே எல்லாம் தலைகீழ். கப்பலின் முதுகெலும்பான ஏராவைக் கிடத்தியதும் அதன் இருபுறமும் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்போடு விளிம்பு சேர்த்து உயர்த்துகிறார்கள். பலகையின் கனத்திலேயே துளையிட்டு மர ஆணி இறக்குகிறார்கள். மேல் பலகை அந்த ஆணிகளின்மேல் வந்து உட்காருகிறது. கப்பலின் வயிறு இப்படி உருவான பிறகுதான், அதன் வளைவுக்கேற்ப வங்குகளை, அதாவது விலாச் சட்டங்களை, செதுக்கி உள்ளே பொருத்துகிறார்கள். கூடையை முதலில் பின்னிவிட்டுப் பிறகு உள்ளே குச்சி வளைத்துச் செருகுவது மாதிரி. எந்தப் பலகை எவ்வளவு நீளம், எந்த இடத்தில் எது முடிந்து எது தொடங்க வேண்டும் என்பதெல்லாம் பன்ரித்தா லோப்பியின் மனக்கணக்கு. காகிதத்தில் வரைபடம் கிடையாது. இளைஞர்கள் சாரத்தில் பலகை தூக்கித் தூக்கித்தான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஏராவுக்கும் அடிப்பலகைக்கும் ஊலின் மரம். காளிமந்தான் காடுகளில் வளர்வது. தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். வங்குகளுக்குப் பித்தி என்னும் மரம், மேல்தளத்துக்குத் தேக்கு. பலகை இடுக்குகளில் மரப்பட்டை நாரை அடித்து இறுக்கிக் கலப்பத்து போடுகிறார்கள்.

சடங்குகளும் குறையவில்லை. ஏராவை இணைக்கும் நாளில் அதன் இரு முனைகளிலிருந்தும் சிறு துண்டு அறுக்கிறார்கள். முன்முனைத் துண்டு கடலுக்கு. பின்முனைத் துண்டு வீட்டில் பத்திரமாக இருக்கும். கப்பலை இறக்குமுன் ஏராவின் நடுவே துளையிடுவது கப்பலுக்குத் தொப்புள் வைக்கும் சடங்கு. அப்புறம்தான் கடல். முன்பு ஊரே கூடிக் கயிறு பிடித்து இழுத்தது. இப்போதைய பெரிய கப்பல்களுக்குச் சங்கிலிக் கப்பி போட்டு, கடல் ஏறும் நேரம் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறார்கள். நாள்கணக்கில் ஆகும்.

அரிசி, சிமென்ட், மரம் என்று தீவுக்குத் தீவு சரக்கு ஏற்றியதுதான் பினிசியின் பழைய பிழைப்பு. ஜகார்த்தாவின் சுந்தா கெலாப்பா துறைமுகத்தில் இந்த வகைச் சரக்குக் கப்பல்களை வரிசையாக இன்றும் பார்க்கலாம். 1970-களில் இன்ஜின் வந்ததும் பாய் சுருங்கியது. 1986-இல் ‘பினிசி நுசந்தாரா’ என்ற கப்பல் பசிபிக்கைக் கடந்து கனடாவின் வான்கூவர் கண்காட்சிக்குப் போய்ச் சேர்ந்தது இந்தோனேசியாவில் பெரும் பேச்சானது. ஆனால் அந்தப் புகழால் மட்டும் சரக்குக் கப்பலுக்குப் புது ஆர்டர் வந்துவிடவில்லை.

ஆர்டர் வேறு திசையிலிருந்து வந்தது. கொமோடோவுக்கும் ராஜா அம்பாட்டுக்கும் முக்குளிக்க வந்த வெளிநாட்டினர், பினிசியின் அகன்ற வயிற்றைப் பார்த்தார்கள். சரக்கு அடுக்கிய இடத்தில் படுக்கையறை போட்டால் என்ன? 2004-இல் 50 மீட்டர் நீளச் ‘சிலோலோனா’ வந்தது. 2014-இல் 65 மீட்டர் ‘லமீமா’. உலகின் மிகப் பெரிய மரப் பாய்மரச் சொகுசுக் கப்பல்களில் அதுவும் ஒன்று. ஏழு அறைகள், பதினான்கு விருந்தினர். ஒரு வார வாடகை இந்தியப் பணத்தில் கோடியைத் தாண்டும். ஓட்டல் நிறுவனங்களும் இறங்கின. அமன் குழுமத்தின் 52 மீட்டர் ‘அமன்டிரா’வில் அறைகள் ஐந்தே.

இந்தப் பணம் கடற்கரைக்கு எவ்வளவு வருகிறது என்பதுதான் கேள்வி. ‘லமீமா’வையே எடுத்துக்கொள்ளலாம். அடிவயிறு சுலவேசி மணலில் கட்டப்பட்டது. வடிவமைப்பு ஸ்பானிய நிபுணருடையது. உள்வேலை நடந்தது தாய்லாந்தில். ஏசி, குளியலறை, மின்சாரம், அலங்காரம் என்று செலவு கூடும் கட்டங்களில் கொஞ்சோ ஓடாவிக்கு வேலை இல்லை.

இருந்தாலும் சொகுசுக் கப்பல் இல்லையென்றால் இந்தக் கரையில் இத்தனை சாரங்கள் நின்றிருக்காது என்பதை மறுக்க முடியாது. கட்டும் கை பிழைத்துக்கொண்டது. உண்மையான நெருக்கடி இரண்டு. ஊலின் மெதுவாக வளரும் மரம். காடு சுருங்கச் சுருங்க, நீளமான பலகைக்கு அலைய வேண்டியிருக்கிறது. அடுத்தது பாய். பல சொகுசுக் கப்பல்களில் இன்ஜினே வேலை செய்கிறது. பாயைப் புகைப்படத்துக்காக விரித்துவிட்டுச் சுருட்டிவிடுகிறார்கள். கப்பல் கட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், காற்றில் ஓட்டத் தெரிந்தவர்கள் குறைகிறார்கள்.

கொமோடோ பக்கம் போய் பினிசியில் ஏறும் வாய்ப்புக் கிடைப்பவர்கள், எந்தக் கரையில் கட்டியது, என்ன மரம் என்று விசாரியுங்கள். காற்று இருக்கும் நேரத்தில் இன்ஜினை நிறுத்திப் பாயை ஏற்றச் சொல்லுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் இளம் மாலுமிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்வார்கள்.