பொட்டலம் கட்டும் கூலி

இலவசமாகக் கிடைக்கிற பொருளைக் காசுக்கு விற்பது தர்மமா? "அதர்மம்தான், சந்தேகமென்ன!" என்று பெரும்பாலோர் யோசிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் பாரதியார் பாடல்களைப் பாருங்கள். அவை பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். அதற்காகப் புத்தகக் கடைக்காரர் கேட்கும் விலையை யாரும் கொள்ளை என்பதில்லை. காகிதத்துக்கும் அச்சுக்கும் பைண்டுக்கும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கண் விழித்துப் புரூப் திருத்தியவருக்கும் அந்தக் காசு போகிறது என்று நமக்குத் தெரியும். புத்தக விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் நியாயம், கம்ப்யூட்டர் விஷயம் வந்தால் மட்டும் கலங்கிப் போகிறது.

என் சிநேகிதர் ஒருவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியர். தம் ஊரின் கதையை எழுதிவிட வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. கை நடுக்கத்தினால் பேனா பிடிக்க முடியவில்லை. தமிழ் டைப்ரைட்டரில் பழகிய விரல்கள் மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கின்றன. பிள்ளை ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். மென்பொருள் எழுதும் உத்தியோகத்திலிருக்கும் என் மருமானை யோசனை கேட்டேன். "லிப்ரே ஆபீஸ் சும்மாவே கிடைக்குது மாமா. இறக்கிக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷ வேலை" என்றான்.

அந்த ஐந்து நிமிஷம் இரண்டு மாதம் ஆயிற்று. எழுத்துக்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. 'க' இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ வந்து விழுந்தது. கடைசியில் அவர் கம்ப்யூட்டரின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார்.

பிறகு பஸ் ஸ்டாண்டு அருகே சின்னக் கடை வைத்திருக்கும் பையன் ஒருவன் அதைத் தூக்கிக்கொண்டு போனான். லினக்ஸைப் போட்டான். பழைய டைப்ரைட்டர் வரிசையிலேயே விசைகளை அமைத்தான். எழுத்தைப் பெரிதாக்கினான். திரையில் வேறொன்றும் வைக்காமல், எழுதுவதற்கு ஒரே ஒரு படம் மட்டும் வைத்தான். தமிழில் இரண்டு பக்கக் குறிப்பும் தன் போன் நம்பரும் எழுதிக் கொடுத்தான். ரசீதில் இப்படி இருந்தது: "மென்பொருள் - இலவசம். அமைத்துக் கொடுத்த கூலி - ரூ. 1,500."

மருமானுக்குக் கோபம் வந்துவிட்டது. "உலகம் பூரா எத்தனையோ பேர் காசு வாங்காம எழுதினது மாமா அது! இவன் யார் நடுவிலே?"

கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்த எழுதினவர்களே இதற்கு இடம் கொடுத்திருக்கிறார்களே! ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் 'ஃப்ரீ' என்று ஒரே சொல். அதனால் வந்த குழப்பம் இது. தமிழில் நமக்கு அந்தச் சங்கடமில்லை. 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லிவிடுகிறோம். எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். இந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-ம் வருஷம் தம்முடைய ஈமாக்ஸ் மென்பொருளை நாடாவில் பதிந்து, 150 டாலருக்கு விற்றுத்தான் ஜீவனம் நடத்தினார். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸை, தொண்ணூறுகளில் ரெட் ஹாட் கம்பெனி பெட்டியில் போட்டு, கையேடும் வைத்துக் கடைகளில் விற்றது. அந்தக் கம்பெனியை 2019-ல் ஐ.பி.எம். 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. லிப்ரே ஆபீஸை நடத்தும் அறக்கட்டளையும் 2022-ல் ஆப்பிள் கடையில் அதற்கு எட்டே முக்கால் யூரோவுக்குச் சற்றுக் கூடுதலாக ஒரு விலை வைத்தது. அதன் சொந்தத் தளத்தில் அது இலவசமாகவே கிடைக்கிறது. கடையில் கொடுக்கும் காசு சௌகரியத்துக்கு.

இந்தச் சௌகரியம் இருக்கிறதே, அது லேசான காரியமல்ல. மென்பொருள் எழுதுகிறவர் தம்மைப் போன்ற ஒருவரை மனத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறார். நூறு வசதி வைத்தால் நூறும் உபகாரம் என்று நினைக்கிறார். பொட்டலம் கட்டுகிறவனோ, ஒன்றும் தெரியாத ஒரு கிழவரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நூறில் தொண்ணூற்றெட்டை மறைத்து, மிச்சமுள்ள இரண்டும் தவறாமல் வேலை செய்யும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் கழித்து ஏதாவது கெட்டுப்போனால் போனை எடுத்துப் பேசவும் வேண்டும். அத்தியாயங்களை வெட்டி எறிந்து பழகிய நாவலாசிரியனுக்கு, மறைப்பதிலுள்ள சிரமம் நன்றாகத் தெரியும்.

ஆனாலும் மருமானின் கோபத்தில் சத்து இல்லாமல் இல்லை. 2014-ல் 'ஹார்ட்பிளீட்' என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டபோது உலகமே பதறியது. இணையத்தின் பூட்டுக்களில் பெரும்பகுதியைக் காத்துவந்த ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற மென்பொருளுக்கு, அதுவரை ஆண்டொன்றுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர்தான் என்பது அப்போது வெளியாயிற்று. அதை வைத்து வியாபாரம் நடத்தியவர்களோ கோடிக்கணக்கில் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். பொட்டலம் கட்டினவன் மாடி கட்டுகிறான், விதைத்தவன் வெயிலில் நிற்கிறான் என்றால் அதைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே கூலி வாங்குகிறவனுக்குச் சில கடமைகள் உண்டு. இது வேறிடத்தில் இலவசம் என்பதை ஒளிக்கக் கூடாது. பிறர் எழுதியதைப் பெயர் மாற்றித் தன்னுடையது என்று சொல்லக் கூடாது. வேண்டாத விளம்பரச் சரக்கைக் கூடச் சேர்த்துக் கட்டக் கூடாது. ஜி.பி.எல். போன்ற உரிமப் பத்திரங்கள், தனக்குக் கிடைத்த உரிமையை வாங்குகிறவருக்கும் முழுசாகக் கொடுத்தாக வேண்டும் என்று கட்டளையே இடுகின்றன. பத்திரத்தில் எழுதாத கடமை ஒன்றும் இருக்கிறது. எடுத்த இடத்தில் ஏதாவது திரும்பிப் போட வேண்டும்; அது பணமாக இருக்கலாம், உழைப்பாகவும் இருக்கலாம்.

இதைப் பற்றி அந்தக் கடைப் பையனிடமே கேட்டேன். "பணம் அனுப்புற அளவுக்கு வசதி இல்லை சார். ஆனா லிப்ரே ஆபீஸோட தமிழ்ப் பட்டியல்ல சில வார்த்தைங்க எங்க பெரியவங்களுக்குப் புரியலை. அதையெல்லாம் திருத்தி எழுதி அனுப்பிக்கிட்டிருக்கேன்" என்றான்.

மருமானிடம் இதைச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எந்தெந்த வார்த்தைன்னு கேட்டீங்களா மாமா?" என்றான்.