கறுத்த செம்பு

திருநெல்வேலிச் சீமைக்கும் செம்புக்கும் உறவு பழசு. ஆற்றின் பெயர் தாமிரபரணி. நெல்லையில் நடராஜருக்குத் தாமிர சபை. குற்றாலத்தில் அருவியாக விழுந்து தென்காசி வழியாக ஓடும் சிற்றாறும் கடைசியில் தாமிரபரணியில்தான் போய்ச் சேருகிறது. (குற்றாலத்தில் இருப்பது சித்திர சபை. பாதிப் பேர் பார்க்காமலே குளித்துவிட்டு பரோட்டா சாப்பிடப் போய்விடுகிறார்கள்.)

போன சாரல் சீசனில் தென்காசி பாத்திரக்கடை ஒன்றில் செம்புக் குடம் விலை கேட்கப் போய் அண்ணாச்சியிடம் மாட்டிக்கொண்டேன். ''புள்ள பிளஸ் டூ முடிச்சிருக்கா. பிசிக்ஸ்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கா. செம்புல கரண்டு போவும்னு எல்லாத்துக்கும் தெரியும். இன்னும் என்னத்த சார் ஆராயணும்?''

நியாயமான கேள்வி. வேடிக்கை என்னவென்றால், சுத்தமான செம்பை எவ்வளவு குளிர வைத்தாலும் அது தன் மின்தடையை முழுசாக விடுவதில்லை. விட்டது, கறுப்பான, பீங்கான் மாதிரி நொறுங்கும் செம்பு ஆக்ஸைடு! 1986-ல் ஜூரிச் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பெட்நார்ஸும் முல்லரும் கண்டுபிடித்தார்கள். மறுவருஷமே நோபல். அந்த 1987-லேயே இட்ரியம், பேரியம் கலந்த வகை சுமார் மைனஸ் 180 டிகிரியில் மீகடத்தி ஆனது. ஏன் ஆகிறது? ஆண்டர்சனும் நம் ஜி.பாஸ்கரனும் அதே வருஷம் ஒரு விளக்கம் தந்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை.

மீகடத்தியில் எலெக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகத் திரியும். ஜோடியைப் பிரித்தால்தான் தனித்தனியாக அவை என்ன செய்கின்றன என்று பார்க்கலாம். பிரிக்கக் காந்தம் வேண்டும். ஸ்கேன் சென்டர் எம்.ஆர்.ஐ. 1.5 அல்லது 3 டெஸ்லா. இதற்கு 50, 60, முடிந்தால் 100. அமெரிக்காவின் லாஸ் அலமோஸில் 2012-ல் கம்பிச்சுருள் வெடிக்காமல் 100-ஐத் தாண்டினார்கள். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதற்குள் மின்தடை மேலும் கீழும் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த ஆட்டத்தின் தாளத்தை வைத்து, எலெக்ட்ரான்கள் வளைய வரும் பாதையின் பரப்பைக் கணக்கிடலாம். 2007-ல் கனடா-பிரான்ஸ் குழு 62 டெஸ்லா வரை போய் முதலில் பார்த்தது. பெரிய வட்டத்தை எதிர்பார்த்த இடத்தில் சின்னஞ்சிறு பொட்டு! மொத்தப் பரப்பில் 2 சதவிகிதம்தான்.

பொட்டு எப்படி வந்தது? எலெக்ட்ரான்களே உள்ளுக்குள் அலை அலையாக அடுக்கிக்கொண்டு பெரிய வட்டத்தைத் துண்டாக்கிவிடுகின்றன என்று 2014-ல் 'நேச்சர்' இதழில் எழுதிய குழுவின் தலைவி சுசித்ரா செபாஸ்டியன். சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல், அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் எம்.பி.ஏ., பிறகு மனசு கேட்காமல் ஸ்டான்ஃபோர்டில் மறுபடி இயற்பியல், இப்போது கேம்பிரிட்ஜ்.

அண்ணாச்சிக்கு மற்றதெல்லாம் காதில் விழவில்லை. ''எம்.பி.ஏ. முடிச்சிட்டா திரும்பி வந்தாவ?'' என்றார், கல்லாவை மூடியபடி. கொஞ்சம் கலங்கித்தான் போனார். நான் உதவினேனா, கெடுத்தேனா தெரியவில்லை.

உள்ளேயிருந்து அந்தப் பெண் எட்டிப் பார்த்து, ''அந்த அலை ஜோடி சேர உதவுதா, கெடுக்குதா சார்?'' என்று கேட்டாள்.

காந்தத்தால் ஜோடியை நலிவாக்கினால் அலை வலுக்கிறது. 2012-ல் எக்ஸ்ரே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே போட்டியாளர் என்பதுதான் பெரும்பான்மைக் கட்சி. ஆனால் இரண்டும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்கிறவர்களும் உண்டு.