எங்கள் காலனியின் கடைசி வீடு

எங்கள் காலனியில் கடைசி வீடு புதிரை வண்ணார் வீடு. ஊருக்குச் சேரி எப்படியோ, சேரிக்கு அந்த வீடு அப்படி. ஏப்ரல் 14க்குக் கொடி கட்டி வளர்ந்த நாங்கள் இதைக் கவனிக்கவே வெகுநாள் ஆனது.

இருட்டியதும் அந்த வீட்டு ஆயா குண்டானோடு வாசலில் வந்து நிற்பார். "சாமி, ராச்சோறு போடுங்க சாமி" என்பார். எங்கள் பாட்டி வயது. பொடிசுகளான எங்களையும் சாமி என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அவரைப் பெயர் சொல்லி, வா, போ என்போம். ஊர்த்தெருவில் ஒரு பொடியன் எங்கள் தாத்தாவை அப்படிக் கூப்பிட்டால் எங்களுக்கு ரத்தம் கொதிக்கும். இங்கே கொதிக்கவில்லை.

உவர்மண் கரைத்து, துணியை முக்கி, வெள்ளாவி வைத்து வெளுப்பது ஒரு வேலை. அது மட்டுமா? பிள்ளை பெற்ற வீட்டுத் தீட்டுத் துணி அவருக்குத்தான் போகும். பெண் வயசுக்கு வந்தால் மாற்றுச் சேலை கொண்டுவருவது அவர். பெண் கட்டியிருந்த துணி அவருக்கு. சாவென்றால் பாடை ஜோடிக்க அந்த வீட்டு ஆண்கள் வரவேண்டும். கூலி என்று காசு கிடையாது. ராச்சோறும், அறுப்புக் காலத்தில் களத்தில் அள்ளிப் போடும் நெல்லும்தான். எங்கள் தீட்டையெல்லாம் தொட்டு வெளுத்தவர் வீட்டில் நாங்கள் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை.

1932இல் திருநெல்வேலிச் சீமையில் இவர்கள் கண்ணில் பட்டாலே தீட்டு என்று இருந்ததாகச் செய்தி வந்தது. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அதை எழுதியிருக்கிறார். மற்ற தீண்டப்படாதவர்களின் துணியை இரவில் மட்டும் வெளுக்கவேண்டும். நம் துணியைத்தான், தோழர்களே.

இப்போது அந்த ஆயாவின் பேத்தி பிளஸ் டூ முடித்துவிட்டாள். பட்டியல் சாதிப் பட்டியலில் 'புதிரை வண்ணான்' உண்டு. வெறும் 'வண்ணான்' என்றால் கன்னியாகுமரி மாவட்டமும் செங்கோட்டை வட்டமும் தவிர மற்ற இடங்களில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் கணக்கு. அவள் பள்ளிப் பதிவில் வெறும் வண்ணார். 2009இல் இவர்களுக்கென்று நலவாரியம்கூட வந்தது. சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அதனால் என்ன?

தாலுகா ஆபீசில், "காலனிக்காரங்களுக்குத்தான் வெளுத்தாங்கன்னு யார் சொல்றது?" என்று கேட்டார்கள். நாங்கள்தான் சொல்லவேண்டும். வேறு யார் சாட்சி?

மனுவோடு வீடு வீடாகப் போனோம். மேடையில் சாதி ஒழிப்பு பேசும் எங்கள் அண்ணன் ஒருவரே முகத்தைத் திருப்பினார். "நாமளே அடிபட்டவன். நாமளும் தீண்டாமை பார்த்தோம்னு எழுதிக் கொடுக்கச் சொல்றியா? ஊர்க்காரன் கையில கெடச்சா என்ன ஆகும்?" அவர் பயம் பொய்யில்லை. ஊர்க்காரன் இதைத் தூக்கிக்கொண்டு வருவான்தான். அதற்காக அந்தப் பெண்ணின் சான்றிதழைப் பணயம் வைக்க முடியாது என்றோம். அவர் கையெழுத்துப் போடவில்லை. எங்கள் சித்தப்பா போட்டார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா ரேகை வைத்தார். பதினொரு பேர் தேறினார்கள்.

மனுவை அந்தப் பெண்ணிடம் காட்டினோம். "எங்கள் காலனிக்குத் தலைமுறையாகச் சேவை செய்துவந்த குடும்பம்" என்று எழுதியிருந்தோம். பேனாவை வாங்கி 'சேவை' என்பதை அடித்தாள். மேலே 'கூலி இல்லாமல் வேலை' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள். அந்த அடித்தலோடுதான் கொடுத்திருக்கிறோம். வரும் திங்கள் வரச் சொல்லியிருக்கிறார்கள்.