ஓய்வு காலத்துக்கு ஒரு கெப், ஒரு பெட்டி



எங்கள் முற்றத்தில் ஒரு பழைய கெப்பும் அதன் பின்னால் ஒரு சின்னப் பெட்டியும் நிற்கத் தொடங்கியதிலிருந்து கேள்வி ஓயவில்லை. "சேர், பென்ஷன் காசெல்லாத்தையும் இதுலயா போட்டீங்க?" என்று பள்ளிவாசல் வாசலில் ஒருவர். "டீச்சர், இந்த வயசில ட்ரெயிலர் இழுத்துக்கிட்டு எங்க போகப் போறீங்க?" என்று கல்யாண வீட்டில் இன்னொருவர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதை விட எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தோம். அடுத்த வருடமும் அதற்கு அடுத்த வருடமும் ஓய்வு பெற இருக்கும் ஆசிரியர்கள் நம் ஊரில் நிறையப் பேர். அவர்களில் பாதிப்பேருக்காவது ஒரு துண்டு வயல் இருக்கிறது. அவர்களுக்கு இது உதவட்டும்.

எங்கள் நிலைமை இதுதான். இருவரும் ஆசிரியர்கள், இருவரும் 60ஐத் தொட்டு வெண்கட்டியை வைத்துவிட்டு வந்தவர்கள். வாப்பா விட்டுப் போன நாலு ஏக்கர் காணி வீட்டிலிருந்து தூரத்து வட்டையில். இதுவரை குத்தகைக்கு விட்டிருந்தோம். இனி நாங்களே செய்வது என்று முடிவு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். எங்களில் ஒருவருக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மற்றவருக்கு முழங்கால் வருத்தம். வாகனத் தேர்வில் இவையெல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். இவைதான் முதல் கணக்கு.

ஆலோசனைக்குக் குறைவில்லை. மச்சான் சொன்னார், "லேண்ட்மாஸ்டர் ஒண்ட எடுங்க, உழவும் ஆச்சு, பெட்டியும் இழுக்கும்." பக்கத்து வட்டைக்காரர் நாலு சில்லு மெசின்தான் என்று அடித்துச் சொன்னார். மருமகன் கட்டாரிலிருந்து அழைத்து, "மாமா, புது டபள் கெப் ஒண்டு லீசிங்ல போடுங்க, நான் கட்டுறன்" என்றார். கடைக்காரத் தம்பி பட்டா லொறி போதும் என்றார். நாலும் நல்ல ஆலோசனை. நாலு விதமான ஆட்களுக்கு.

நாங்கள் கொப்பியை எடுத்து, வருடத்தில் எத்தனை நாள் என்ன ஏற்றப் போகிறோம் என்று எழுதினோம். விதை நெல், உரம், எண்ணெய்க் கேன், தண்ணீர்ப் பம்பு, குழாய், சில நாட்களில் தண்ணீர்த் தாங்கி, வேலிக் கம்பி, மாட்டுக்கு வைக்கோல். இதெல்லாம் வருடம் முழுக்க. ஆனால் அறுவடை? மாரியில் ஒரு தரம், சிறுபோகத்தில் ஒரு தரம், இரண்டும் சேர்ந்து நாலைந்து நாள். அந்த நாலைந்து நாளுக்கு நூற்றுக்கு மேல் மூடை இழுக்க வேண்டும் என்பதற்காக, மிச்சம் 360 நாளும் ஒரு பெரிய மெசினை முற்றத்தில் நிறுத்தித் தீன் போடுவதா? உழவுக்கும் அறுவடைக்கும் கூலிக்கு மெசின் பிடிப்போம், மற்ற நாட்களுக்குத்தான் வாகனம் வாங்குவோம் என்று தீர்மானித்தோம். இந்த ஒரு முடிவு பாதிச் சிக்கலைத் தீர்த்தது. வாகனம் வாங்க நினைப்பவர்கள் முதலில் கொப்பியில் எழுதுங்கள். பிறகு கராஜுக்குப் போகலாம்.

இரண்டாவது, இருவரும் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். லேண்ட்மாஸ்டர் நல்ல உழைப்பாளி, நம் வயல்களை வளர்த்ததே அதுதான். ஆனால் அதற்குக் கையில் பலம் வேண்டும், பழக்கம் வேண்டும். வாய்க்கால் கட்டிலிருந்து இறங்கும்போது, பின்னாலுள்ள பெட்டி தள்ள, வலது பக்கக் கிளச்சைப் பிடித்தால் அது இடது பக்கம் திரும்பும். ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரியும். 60 வயதில் அதைப் புதிதாகப் பழக எங்களில் யாருக்கும் தைரியம் இல்லை. சாரதி அனுமதிப் பத்திரமும் வேறு: கை உழவு இயந்திரத்துக்கு ஜீ1, நாலு சில்லு உழவு இயந்திரத்துக்கு ஜீ. எங்களிடம் இருப்பது பீ வகுப்பு மட்டும்.

இங்கே ஒரு விடயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். "டீச்சர் கெப் ஓட்டிக்கிட்டு வட்டைக்குப் போறாவாம்" என்று ஒரு சிரிப்பு ஊரில் உலவுவது எங்கள் காதுக்கும் வந்தது. சிரிப்பவர்களோடு கோபம் இல்லை. ஒரு கேள்வி மட்டும். வயல் நடுவில், வாடிக்குப் பக்கத்தில், ஸ்டென்ட் வைத்த மனிதருக்கு நெஞ்சு வலித்தால், பக்கத்தில் இருப்பவர் வாகனத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா, அல்லது ஒரு ஆண் வரும் வரை வரம்பில் காத்திருக்க வேண்டுமா? நம் வீடுகளில் ஓட்டத் தெரிந்த பெண் இருப்பது ஆடம்பரம் அல்ல.

மூன்றாவது, பாரம். எங்களில் ஒருவர் 30 வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவர், அதனால் இந்தப் பகுதியை விட்டுக்கொடுக்க மாட்டார். புதிய ஹைலக்ஸ் போன்ற டீசல் கெப்கள் 3500 கிலோ இழுக்கும் என்று பல நாடுகளில் விளம்பரம் செய்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் அது ட்ரெயிலருக்கே தனிப் பிரேக் இருந்தால். ட்ரெயிலரில் பிரேக் இல்லையென்றால் அதே வாகனத்துக்கு எல்லை 750 கிலோ. நம் பக்கம் ஓடும் சின்னப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் கிடையாது. 750 கிலோ என்றால் பெட்டியின் சொந்த நிறையும் சேர்த்துத்தான். எங்கள் பெட்டி 300 கிலோ. மிச்சம் 450. நெல் மூடை 65 கிலோ என்று வைத்தால் ஆறு மூடை, ஏழாவது இல்லை. "என்ன சேர், இருவது மூட ஏத்தலாம், இழுக்கும்" என்று சொல்வார்கள். இழுக்கும்தான். நிற்குமா என்பதுதான் கேள்வி. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்த வேண்டிய சக்தி நாலு மடங்கு. பெட்டி கட்டிய வாகனத்தை மணிக்கு 40 கிலோமீற்றருக்கு மேல் விடுவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

ஏற்றும் விதமும் முக்கியம். மொத்தப் பாரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கொக்கியில் அழுத்த வேண்டும். பாரமான மூடைகளைப் பெட்டியின் பின்பக்கம் அடுக்கினால் முன்பக்கம் மேலே எழும்பும், ஓடும்போது பெட்டி வாலாட்டும். வாலாட்டத் தொடங்கினால் சாரதியின் கையில் ஒன்றும் இல்லை.

நான்காவது, பழுதானால் யார் திருத்துவது? நம்பகமான வாகனம் என்றால் பழுதாகாத வாகனம் என்று நினைக்கிறோம். அப்படி ஒன்று இல்லை. நம் ஊர்ச் சந்தியில், நமக்குத் தெரிந்த பாஸ், அன்றே கிடைக்கும் சாமானைப் போட்டுத் திருத்தக்கூடியதுதான் நமக்கு நம்பகமானது. புதிய டீசல் என்ஜின்கள் குறைவாகக் குடிக்கும், அமைதியாக ஓடும். ஆனால் டீசலில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் அவற்றின் இன்ஜெக்டர்கள் தாங்காது, கணினி வைத்துத்தான் பார்க்க வேண்டும். பழைய பம்பு என்ஜின் சத்தம் போடும், புகையும் விடும், ஆனால் ஸ்பானரால் திருத்தலாம்.

எல்லாம் கூட்டிக் கழித்து நாங்கள் எடுத்தது ஒரு பழைய ஹைலக்ஸ், 3எல் என்ஜின். பெயரைப் பார்த்து மூன்று லீற்றர் என்று பலர் நினைக்கிறார்கள். அது என்ஜினின் பெயர், கொள்ளளவு 2.8 லீற்றர். பட்டா லொறியை ஏன் விட்டோம் என்றால், அது தன் முதுகில் சுமக்கச் செய்த வாகனம். 2005இல் இரண்டு சிலிண்டர் சின்ன என்ஜினோடு வந்தது, ஊர்க் கடைகளுக்குச் சாமான் ஏற்ற அதைப் போல ஒன்று இல்லை. சேற்றில் பெட்டி இழுக்க அதைக் கேட்பது அநியாயம்.

ஐந்தாவது, காசு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய வாகனங்களெல்லாம் பவுண் விலைக்கு ஏறியதை அறிவீர்கள். 2025இல் திறந்த பிறகும் வரியோடு பார்த்தால் புதியது ஆசிரியருக்கு எட்டாது. லீசிங் என்றால் வட்டி. பென்ஷன் எடுக்கும் வயதில் வட்டிக்குள் இறங்குவதில்லை, மருமகனின் தலையிலும் அதைக் கட்டுவதில்லை என்று முதலிலேயே கோடு கீறினோம். பணிக்கொடையில் பாதியைத் தொடக்கூடாது, அது நோய்க்கும் மௌத்துக்கும். மற்றப் பாதிக்குள் எது கிடைக்கிறதோ அதுதான் எங்கள் வாகனம். ஐந்து மாதம் தேடினோம்.

பழையது பார்க்கப் போகிறவர்களுக்கு, பாஸ் எங்களுக்குப் படிப்பித்த பாடம்:

1. காலையில், என்ஜின் சூடாகும் முன் போங்கள். "ஸ்டார்ட் பண்ணி வைக்கிறன் சேர்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும்.
2. என்ஜின் ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள். புகை பலமாக அடித்தால் என்ஜின் தேய்ந்துவிட்டது.
3. குனிந்து செசியைப் பாருங்கள், முக்கியமாகப் பின் சில்லுக்கு மேலே. நம்முடையது கடற்கரை ஊர், உப்புக் காற்று அங்கேதான் தின்னும். புதிதாகத் தார் பூசியிருந்தால் சுத்தியலால் தட்டிப் பாருங்கள்.
4. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாங்கிய அன்றே மாற்றுங்கள்.
5. என்ஜின் இலக்கமும் செசி இலக்கமும் புத்தகத்தோடு பொருந்த வேண்டும். லீசிங் கம்பனியின் பெயர் முழு உரிமையாளராக இன்னும் இருந்தால், அது நீங்கும் வரை காசு கொடுக்க வேண்டாம்.
6. கொக்கியைப் பம்பரில் பூட்ட வேண்டாம். செசியில் போல்ட் போட்டுப் பூட்டுங்கள், கூடவே ஒரு சங்கிலி.
7. பெட்டிக்கும் தனிப் பதிவு வேண்டும், தனி இலக்கம் வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கும் பிரேக் விளக்கும் எரிய வேண்டும்.

இந்தக் கடைசி விடயத்தில்தான் எங்கள் மனம் நிற்கிறது. அறுவடைக் காலத்தில் மஃரிபுக்குப் பிறகு பிரதான வீதியில் விளக்கில்லாமல் போகும் பெட்டிகளை நாம் எல்லோரும் பார்க்கிறோம். மோட்டார் சைக்கிளில் வரும் நம் வீட்டுப் பிள்ளைக்கு, இருபது அடி தூரம் வரும் வரை அங்கே பெட்டி இருப்பதே தெரியாது. ஒளி தெறிக்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றின் விலை ஒரு வேளைப் பகல் சாப்பாட்டுக் காசு.

பெட்டி சாமானுக்கு, மனிதருக்கு அல்ல. 2024 நவம்பர் 26ஐ நம் பகுதியில் யாரும் மறக்க முடியாது. மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்த அன்று, உழவு இயந்திரப் பெட்டியில் வந்த மத்ரஸாப் பிள்ளைகளை நீர் இழுத்துப் போனது. அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. மழைக் காலத்தில் வேறு வழியில்லாமல் நாம் எல்லோருமே பெட்டியில் ஏறித்தான் வளர்ந்தோம், பிள்ளைகளையும் ஏற்றினோம். ஆனால் ஓடும் நீரில் பெட்டி நிலத்தை விட்டு எழும்பிவிட்டால், முன்னால் இழுப்பது எவ்வளவு பெரிய மெசினாக இருந்தாலும் அதைப் பிடித்து வைக்க முடியாது.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகள் நாலு பேர் வயல் பார்க்க வருகிறோம் என்று பெட்டியில் தாவி ஏறினார்கள். இறங்கச் சொன்னோம், முகம் சுருங்கிப் போனது. இருவரை முன் சீற்றில் ஏற்றினோம், மற்ற இருவருக்கு அடுத்த சனிக்கிழமை என்று வாக்குக் கொடுத்தோம். கெப்பில் அவ்வளவுதான் இடம். இரண்டு பயணம் போக டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும், பரவாயில்லை.

வாகனம் பார்க்கப் போகும் ஆசிரிய நண்பர்கள் யாராவது துணைக்குக் கூப்பிட்டால் வருகிறோம். சுத்தியலும் கொப்பியும் எங்களிடம் இருக்கிறது.