வினிபெக் நோக்கி ஒரு போலர்

கனடாவின் நெடுஞ்சாலைகளில் கோடைகாலத்தில் வாகனம் ஓட்டுபவர்கள் அந்தச் சிறிய ட்ரெயிலரை எப்போதாவது கண்டிருப்பார்கள். வளைந்த கூரை, கூர் மூலை எதுவும் இல்லாத உடம்பு, 13 அடி நீளம். பெரிய பிக்கப் வாகனம் தேவையில்லை. நடுத்தரக் கார் ஒன்றே அதை இழுத்துக்கொண்டு போகும். பெயர் போலர். 1968இல் வினிபெக் நகரில் ரே ஒலெக்கோ என்பவர் இதை உருவாக்கினார். அதற்கு முன் அவர் ஃபைபர்கிளாஸில் மலக்குழித் தொட்டி வடிவமைத்தவர். கனமான தொட்டிகளுக்குப் பதிலாக இலேசான ஒன்றைச் செய்த அதே பொருளில், சான்டோர் டூசா என்பவருடன் சேர்ந்து குடும்பம் தங்கும் ஒரு கூட்டை வார்த்தெடுத்தார். 1988 வரை போலர்கள் செய்யப்பட்டன. எங்களிடம் இருப்பது எழுபதுகளில் பிறந்த ஒன்று. அதைப் பிறந்த ஊருக்கே ஒருமுறை இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை.

இதன் கட்டுமானத்தை முதலில் சொல்ல வேண்டும். வழக்கமான ட்ரெயிலர்களில் மரச்சட்டம் அடித்து, மேலே அலுமினியத் தகடோ மெல்லிய பலகையோ போர்த்துவார்கள். கூரையின் ஓரத்தில் ஒரு பொருத்து விட்டால் போதும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி மரத்தைத் தின்னத் தொடங்கிவிடும். வெளியே பளபளப்பு குறையாமலே உள்ளே உளுத்துப்போன ட்ரெயிலர்களைப் பார்த்திருக்கிறேன். போலர் அப்படிக் கட்டப்படவில்லை. மேல் பாதி ஒரு வார்ப்பு, கீழ்ப் பாதி ஒரு வார்ப்பு. முட்டை ஓட்டின் இரண்டு பாதிகளைப்போல நடுவில் வைத்து ஒட்டி, அந்தக் கோட்டின் மேல் ஒரு பட்டியை ஒட்டியிருப்பார்கள். சுவருக்குள் உளுக்க மரச்சட்டம் கிடையாது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் இவை தெருவில் ஓடுவதற்குக் காரணம் இதுதான். வெறும் வண்டியின் எடை 1,000 இறாத்தல் அளவுதான். பின்னர் மினசோட்டாவின் பாக்கஸ் என்ற சிற்றூரில் உருவான ஸ்காம்ப், ஒன்ராறியோவில் உருவான டிரில்லியம் எல்லாம் இதே குடும்பம்.

எங்களுடையதை ஒன்ராறியோ நாட்டுப்புறத்தில் ஒரு வயதான தம்பதியிடமிருந்து வாங்கினோம். அவர்களின் பிள்ளைகள் அதில் படுத்து வளர்ந்தவர்கள். ஒரு கொப்பி நிறைய, எந்த ஆண்டு எந்த யன்னலின் ரப்பர் மாற்றினார்கள், எப்போது சில்லுகளுக்குக் கிறீஸ் போட்டார்கள் என்று எழுதி வைத்திருந்தார்கள். வண்டியோடு அந்தக் கொப்பியையும் தந்தார்கள். இன்று நானும் அதிலேயே எழுதுகிறேன்.

ஸ்காபரோவில் எங்கள் வீட்டு முன்றலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அயலவர்கள் கூடிவிட்டார்கள். இரும்பு ஒட்டுவேலை செய்யும் தமிழ்த் தம்பி ஒருவர் வந்தார். அவர் வெள்ளை உடம்பைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே ஒரு அட்டையைப் போட்டு அடியில் படுத்துக்கொண்டார். முன்புறம் இரும்புச் சட்டம் வளையும் இடத்தை விரலால் தடவிக் காட்டினார். நகக்கீறல் அளவில் ஒரு வெடிப்பு. பழைய போலர்கள் பலவற்றிலும் இதே இடத்தில்தான் பிரச்சினை வருகிறது.

“அண்ணை, ஆராவது இதை வாங்கப்போறம் எண்டு கேட்டால் சொல்லுங்கோ. மினுக்கத்தைப் பார்த்து வாங்க வேண்டாம், கீழ படுத்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கோ” என்றார். அவரே அந்த இடத்தை வெட்டி, தடித்த இரும்பு வைத்து ஒட்டித் தந்தார்.

அடுத்தது அச்சு. போலரில் வில் கிடையாது. சதுரக் குழாய் ஒன்றுக்குள் ரப்பர்த் தண்டுகளை அழுத்தி வைத்திருப்பார்கள். சில்லு மேலெழும்போது அந்த ரப்பர் முறுகி அதிர்ச்சியை வாங்கும். பல பத்தாண்டுகளில் ரப்பர் இறுகிக் கல்லாகிவிடும். பிறகு தெருவின் ஒவ்வொரு குழியும் நேரே உடம்புக்குப் போகும், ரிவெற்றுகள் தெறிக்கும். சில்லைத் தாங்கும் கை கீழ்நோக்கிச் சரிந்திருந்தால் ரப்பருக்கு உயிர் இருக்கிறது. கிடையாகப் போயிருந்தால் அச்சை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. நாங்கள் மாற்றினோம். புதிய அச்சில் மின்சார பிரேக்கும் பூட்டினோம். ஒன்ராறியோவில் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெயிலருக்குத்தான் பிரேக் கட்டாயம். எங்களுடையது நிரப்பிய நிலையிலும் அதன் பாதி அளவுதான் வரும். ஆனால் சுப்பீரியர் ஏரிக்கரையின் இறக்கங்களில் சட்டத்தின் அளவு எனக்குப் போதாது.

உள்வேலையில் பலர் அவசரப்படுகிறார்கள். பழைய அலுமாரிகளைக் கழற்றி எறிந்துவிட்டு விசாலமாக்கப் பார்க்கிறார்கள். போலரின் அலுமாரிகளும் தடுப்புகளும் கூரையைத் தாங்குகின்றன. அவற்றை எடுத்தால் கூரை தாழும். கதவு தன் வளைவோடு பொருந்தாமல் போகும். சுவரில் ஒட்டியிருக்கும் நுரை மெத்தையும் அப்படித்தான். பார்க்கப் பழசாக இருந்தாலும் குளிரையும் சத்தத்தையும் மறிப்பது அதுவே. கழன்ற இடத்தை மீண்டும் ஒட்டினால் போதும். நாங்கள் மெத்தை உறைகளையும் யன்னல் சீலைகளையும் மட்டும் புதிதாகத் தைத்தோம். முன்பக்க இருக்கை ஒருவருக்குக் கட்டில், பின்பக்க மேசையை இறக்கினால் இருவருக்குக் கட்டில். இரண்டு அடுப்பு, ஒரு ஐஸ் பெட்டி, கையால் அடிக்கும் தண்ணீர்ப் பம்பு. மூன்று பேருக்கு இவ்வளவும் போதும்.

தொழிலாளர் தினம் முடிந்து பாடசாலைகள் தொடங்கிய பிறகு புறப்பட்டோம். மகள் பல்கலைக்கழகத்தை முடித்துவிட்டு வேலைக்குச் சேரும் வரை ஓய்வில் இருந்தாள். செப்டெம்பரில் கருப்பு ஈக்களும் நுளம்பும் அடங்கிவிடும். முகாம்களில் இடமும் கிடைக்கும். ரொறொன்ரோவிலிருந்து வினிபெக்குக்கு ஏறத்தாழ 2,100 கிலோமீற்றர். அதில் பெரும் பங்கு ஒன்ராறியோவுக்குள்ளேயே முடிந்துபோகும்.

சாமான் ஏற்றுவதில் ஒரு கணக்கு உண்டு. ட்ரெயிலரின் மொத்த எடையில் 10 முதல் 15 வீதம் வரை, அதைக் காரோடு இணைக்கும் கொழுவியின் மேல் இறங்க வேண்டும். பின்பக்கம் கனத்தால் வேகத்தில் வண்டி வாலை ஆட்டத் தொடங்கும். பிறகு காரையே இழுத்துவிடும். அதனால் அரிசியும் தண்ணீர்க் கலன்களும் அச்சுக்குச் சற்று முன்னால் போயின. உடுப்பும் போர்வையும் பின்னால். சங்கிலிகள் குறுக்காகக் கொழுவப்பட்டிருக்கின்றனவா, விளக்குகள் எரிகின்றனவா என்று ஒவ்வொரு காலையும் மகள் பார்த்துச் சொல்வாள். நிற்கும் இடங்களில் எல்லாம் சில்லின் நடுவில் கையை வைத்துப் பார்ப்பேன். ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் பெயரிங் பழுதாகிறது என்று அர்த்தம்.

சட்பரியைத் தாண்டி, சூ சென் மேரியில் திரும்பி வடக்கே ஏறினால் சுப்பீரியர் ஏரி தொடங்குகிறது. பரப்பளவில் உலகின் மிகப்பெரிய நன்னீர் ஏரி. 82,000 சதுர கிலோமீற்றருக்கும் மேல். கடலோரத்தில் பிறந்தவனுக்கு அது கடல் இல்லை என்று நம்பச் சிரமமாக இருந்தது. உப்பு மணம் மட்டும்தான் இல்லை. அகாவா விரிகுடா முகாமில் நீரோரமாகவே இடம் கிடைத்தது. அருகில் அகாவாப் பாறை. ஒஜிப்வே மக்கள் செங்காவியில் வரைந்த ஓவியங்கள் அந்தச் செங்குத்துப் பாறையில் இருக்கின்றன. கொம்பும் முதுகில் முள்ளும் கொண்ட மிஷிபெஷு, ஏரியை ஆளும் சக்தி, அங்கே நீரைப் பார்த்தபடி நிற்கிறது. ஏரி அமைதியாக இருந்தால் மட்டுமே பாறை விளிம்பில் நடந்து போய்ப் பார்க்கலாம். முதல் நாள் அலை விடவில்லை. அடுத்த நாள் காலை விட்டது. எங்கள் வீடு கூடவே வந்திருந்ததால் காத்திருக்க முடிந்தது. விடுதியில் அறை எடுத்திருந்தால் அந்த ஓவியங்களைப் பார்க்காமலே போயிருப்போம்.

வாவா என்ற ஊரின் வாயிலில் பெரிய வாத்துச் சிலை ஒன்று நிற்கிறது. 1960இல்தான் இந்தக் கரையோரத்தில் நெடுஞ்சாலையின் விடுபட்ட பகுதி இணைந்தது. சாலை ஊரைத் தொடாமல் போனதால், பயணிகளை உள்ளே அழைக்க அதே ஆண்டு ஊரவர் முதல் வாத்துச் சிலையை வைத்தார்கள்; இன்று நிற்பது பின்னர் மாற்றி வைத்தது. அதற்கப்பால் ஊர்கள் தூரம் தூரமாக விலகுகின்றன. பெற்றோல் நிலையத்தைக் கண்டால் நிரப்பிவிட வேண்டும். பாரலொறிகள் எதிரே கடக்கும்போது வரும் காற்று உயரமான ட்ரெயிலர்களை உலுப்பும். எங்கள் போலரில் அந்தக் காற்றுக்குப் பிடிகொடுக்க மூலை இல்லை, வழுக்கிக்கொண்டு போனது.

டெரஸ் பே என்ற ஊருக்கு அருகே ஓரிரவு, மழை கொட்டியது. ஃபைபர்கிளாஸ் கூரையில் மழை விழும் ஓசை பலமானது, ஆனால் பயம் தராதது. விடியப்புறத்தில் அலுமாரிக்கு மேலிருந்து ஒரு சொட்டு என் நெற்றியில் விழுந்தது. போலரில் தண்ணீர் வருமானால் ஓட்டையிட்ட இடங்கள் வழியாகத்தான் வரும்: ரிவெற்றுகள், யன்னல்கள், கூரையின் காற்று வழி. ஓட்டில் குற்றம் இராது. மழை விட்டதும் அந்த ரிவெற்றைத் துளைத்து எடுத்து, துளையைச் சுற்றி பியூற்றைல் பசைப் பட்டி வைத்து, புதியதை அடித்து மூடியைப் பூட்டினேன். தேநீர் கொதித்து இறங்கும் நேரத்துக்குள் வேலை முடிந்தது. இந்த வேலைக்கு சிலிக்கோன் பசையை நான் தொடுவதில்லை. அது விட்டுப்போன பிறகு அதன் மிச்சத்தின் மேல் வேறெந்தப் பசையும் பிடிக்காது.

சமையல் அந்தச் சின்னக் குசினியில்தான். மனைவி பருப்பும் சோறும் வைப்பாள். நான் சம்பல் இடிப்பேன். இது கரடிகள் நடமாடும் காடு. ஒரு பருக்கைகூட வெளியே கிடக்கக் கூடாது. குளிர்ப்பெட்டியும் குப்பைப் பையும் காருக்குள் போய்விடும். சமைக்கும்போது கூரைக் காற்று வழியையும் ஒரு யன்னலையும் திறந்து வைப்போம். இந்தச் சிறிய கூட்டுக்குள் காஸ் அடுப்பின் ஆவியும் மூன்று பேரின் மூச்சும் சேர்ந்தால் சுவரெல்லாம் வியர்க்கும். கார்பன் மொனொக்சைட்டைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி இல்லாமல் எந்த ட்ரெயிலரிலும் படுக்கவே கூடாது.

நிபிகனில் ஒரேயொரு பாலம். 2016 ஜனவரியில் அதன் தளம் ஒரு பக்கம் மேலெழுந்தபோது கனடாவின் கிழக்கையும் மேற்கையும் இணைக்கும் சாலை அங்கே அறுந்துபோனது. அந்தப் பாலத்தைக் கடந்து, தண்டர் பே நகருக்கு அருகே டெரி ஃபொக்ஸ் நினைவிடத்துக்குப் போனோம். ஒரு காலை இழந்த அந்த இளைஞர், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடி, 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி அந்தப் பகுதியில்தான் ஓட்டத்தை நிறுத்தினார். ரொறொன்ரோவில் வளரும் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு செப்டெம்பரும் பாடசாலையில் அவர் பெயரால் ஓடுகிறார்கள். அந்த ஓட்டம் நின்ற சாலையில் மகள் வெகுநேரம் நடந்தாள். அவரோடு வழியெல்லாம் கூடச் சென்றது ஒரு ஃபோர்ட் வான். அதில்தான் சமைத்தார்கள், அதில்தான் படுத்தார்கள்.

40 மீற்றர் உயரத்திலிருந்து விழும் ககபேகா அருவி, பிறகு நாள் முழுக்கக் காடும் பாறையும் ஏரியும். கெனோராவைத் தாண்டி மனிற்றோபாவுக்குள் நுழைந்தபின் மரங்கள் பின்வாங்கிச் சமவெளி திறக்கிறது. வினிபெக்குக்குக் கிழக்கே, கனடாவின் கிழக்கு மேற்கு நீளத்தின் நடுப்புள்ளியைக் குறிக்கும் பலகை சாலையோரத்தில் நிற்கிறது.

2018இல் போலரின் 50ஆவது ஆண்டைக் கொண்டாட நாடெங்குமிருந்து நூற்றுக்கணக்கான போலர்கள் வினிபெக்கில் கூடின. நாங்கள் போனபோது எங்களுடையது மட்டும்தான். ஆனால் தனிமை தெரியவில்லை. பெற்றோல் நிலையத்தில் ஒரு முதியவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். தானும் மனைவியும் மூன்று பிள்ளைகளும் ஒரு போலரில் றொக்கி மலை வரை போய்வந்த கதையைச் சொன்னார். உள்ளே எட்டிப் பார்க்கலாமா என்று கேட்டு, மேசையின் மேல் கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். “இதை நன்றாக வைத்திருக்கிறீர்கள்” என்றார். அந்த ஊரில் செய்த வண்டிக்கு அந்த ஊர்க்காரரிடமிருந்து அதைவிடப் பெரிய சான்றிதழ் எனக்குத் தேவைப்படவில்லை.

எங்கள் சமூகத்தில் பலர் இப்போது ட்ரெயிலர் வாங்கும் யோசனையில் இருக்கிறார்கள். என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சிறியதை வாங்குங்கள், பழுதுபார்க்கக் கூடியதை வாங்குங்கள். பெரிய ட்ரெயிலருக்குப் பெரிய வாகனம் வேண்டும், பெரிய வாகனத்துக்குப் பெரிய கடன் வேண்டும். கடைசியில் அது முன்றலிலேயே நிற்கும். ஃபைபர்கிளாஸ் ட்ரெயிலர் வைத்திருப்பவன் செய்ய வேண்டியவை சில. ஆண்டுக்கொருமுறை கழுவி, வெயிலில் வெளுத்த மேற்பூச்சைத் தேய்த்து மெழுகு பூச வேண்டும். பெயரிங்குகளுக்குக் கிறீஸ் வைக்க வேண்டும். ரயர் தேயாவிட்டாலும் ஐந்தாறு ஆண்டில் மாற்ற வேண்டும். பனிக்கு முன் தண்ணீர்க் குழாய்களை வற்றவிட வேண்டும். செய்ததைக் கொப்பியில் எழுத வேண்டும். அடுத்து வைத்திருக்கப் போகிறவருக்கு அது உதவும்.

இலையுதிர் காலத்தில், குளிருக்கு முன் இடம் ஒழிக்க நினைப்பவர்கள் பலர் ட்ரெயிலர்களை விற்பனைக்கு விடுவார்கள். பார்க்கப் போகும்போது ஒரு டோர்ச்சும், கீழே படுக்க ஒரு அட்டையும் கொண்டு போங்கள். முடிந்தால் மழை பெய்யும் நாளில் போங்கள்.